80 சதவீதம் ஜெர்மனியில் எவ்வளவு? பள்ளி மதிப்பெண்ணை வெளிநாட்டு முறைக்கு மாற்றும் கணக்கு

பிளஸ் டூ முடித்த ஒரு மாணவி, ஜெர்மனியில் படிக்கக் கைபேசியிலேயே விண்ணப்பம் நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் சரியாகப் போகிறது. ஒரு கட்டத்தில் "உங்கள் சராசரி மதிப்பு, ஜெர்மன் அளவுகோலில்" என்று ஒரு பெட்டி வருகிறது. அவருக்கு 600-க்கு 480, அதாவது 80 சதவீதம். பக்கத்தில் இருந்த அண்ணன், "இதுல என்ன இருக்கு? 25-ஆல வகுத்துடு, 3.2 வரும். எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்கிறார். 3.2 என்று நிரப்பி, சமர்ப்பி பொத்தானையும் அழுத்தியாகிவிட்டது.

இங்கேதான் சிக்கல். 25-ஆல் வகுப்பது, அமெரிக்காவின் நாலு புள்ளி முறைக்காக இங்கே பலரும் போடும் ஒரு குத்துமதிப்பான கணக்கு. அந்த முறையில் 4.0 முதலிடம். ஜெர்மனியில் 1.0-தான் முதலிடம், 4.0 என்றால் தட்டுத்தடுமாறி தேர்ச்சி. ஆக, நல்ல மதிப்பெண் எடுத்த மாணவி, தன்னைச் சுமாரான மாணவியாக எழுதிக் கொடுத்துவிட்டார். சரியான கணக்குப்படி அவருடைய மதிப்பு 1.9.

3.2-க்கும் 1.9-க்கும் நடுவில் ஒரு கல்லூரி இடமே போய்விடலாம். இந்தக் கணக்கு கடினமானது இல்லை. பத்தாம் வகுப்புக் கணிதம் போதும். ஒரு கட்டணமும் இல்லாமல் உங்கள் கைபேசியிலேயே போட்டுப் பார்த்துடலாம். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் திசையைப் பாருங்கள்

மதிப்பெண் என்றாலே பெரிய எண் நல்லது என்பது நமக்குப் பழகிப்போன விஷயம். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை.

• ஜெர்மனி: பள்ளியில் 1 முதல் 6 வரை. 1 மிக நன்று, 4 போதுமானது, 5-ம் 6-ம் தேறாதவை. மேல்நிலை வகுப்புகளில் இதையே 15 முதல் 0 வரை புள்ளிகளாகவும் போடுகிறார்கள். அங்கே 15 உயர்ந்தது.

• இங்கிலாந்து: பத்தாம் வகுப்பு அளவிலான ஜிசிஎஸ்இ தேர்வில் 2017 முதல் 9-லிருந்து 1 வரை எண்கள். 9 உயர்ந்தது, 4 சாதாரணத் தேர்ச்சி.

• சிங்கப்பூர்: தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் 2021 முதல் 1-லிருந்து 8 வரை நிலைகள். 1 உயர்ந்தது.

• இலங்கை: சாதாரண தரத் தேர்வில் எண்ணுக்குப் பதிலாக ஏ, பி, சி, எஸ் என்று எழுத்துகள். தேறாதவருக்கு டபிள்யூ.

ஆகவே விண்ணப்பத்தில் ஓர் எண்ணைப் போடும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இந்த அளவுகோலில் உயர்ந்தது எது? தேர்ச்சிக்கான கடைசி எல்லை எது? இந்த இரண்டும் தெரியாமல் எந்த எண்ணையும் போட்டுடாதீங்க.

ஜெர்மனிக்கான கணக்கு

வெளிநாட்டுப் பள்ளி இறுதிச் சான்றிதழ்களின் மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்ற, அந்நாட்டு மாநிலங்களின் கல்வி அமைச்சர்கள் மாநாடு 1991-இல் ஒரு பொதுவான முறையை ஏற்றுக்கொண்டது. "மாற்றியமைக்கப்பட்ட பவேரியச் சூத்திரம்" என்று இதற்குப் பெயர். இன்று பள்ளிச் சான்றிதழுக்கு மட்டுமின்றி, பட்டப்படிப்பு மதிப்பெண்ணுக்கும் பல பல்கலைக்கழகங்கள் இதையே பயன்படுத்துகின்றன.

இதற்கு மூன்று எண்கள் வேண்டும்:

1. உச்ச மதிப்பெண்: உங்கள் தேர்வில் பெறக்கூடிய அதிகபட்சம்.
2. தேர்ச்சி மதிப்பெண்: தேர்ச்சிக்குத் தேவையான குறைந்தபட்சம்.
3. பெற்ற மதிப்பெண்: நீங்கள் எடுத்தது.

கணக்கு இதுதான்:

உச்சத்திலிருந்து பெற்றதைக் கழியுங்கள். உச்சத்திலிருந்து தேர்ச்சியைக் கழியுங்கள். முதல் விடையை இரண்டாவது விடையால் வகுங்கள். வருவதை 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டுங்கள்.

இதன் பின்னால் உள்ள யோசனையும் எளிதுதான். நம்முடைய உச்சம் அவர்களுடைய 1.0. நம்முடைய தேர்ச்சி எல்லை அவர்களுடைய 4.0. நடுவில் இருக்கும் தூரத்தை மூன்று பங்காகப் பிரித்து, உச்சத்திலிருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்று அளக்கிறார்கள். அவ்வளவுதான்.

நம் மாணவிக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாடு மேல்நிலை இரண்டாம் ஆண்டில் ஆறு பாடங்கள், மொத்தம் 600. பாடத்துக்கு 35 தேர்ச்சி என்பதால் ஆறு பாடத்துக்கும் சேர்த்து 210.

600 − 480 = 120
600 − 210 = 390
120 ÷ 390 = 0.307
0.307 × 3 = 0.92
0.92 + 1 = 1.92

1.92. ஜெர்மன் அளவில் இது "நன்று" என்ற வட்டத்துக்குள் வசதியாக உட்காரும் மதிப்பு. 3.2-க்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே பாருங்கள்.

கைபேசிக் கால்குலேட்டரில் ஒரே வரியாகப் போடுவதாக இருந்தால் அடைப்புக்குறி முக்கியம்: (600−480)÷(600−210)×3+1. அடைப்புக்குறி போடாமல் தட்டினால் −29.8 என்று ஏதோ ஒரு விடை வந்து நிற்கும். கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் பெரும்பாலான கைபேசிகளில் அடைப்புக்குறிப் பொத்தான் தெரியும். தெரியவில்லை என்றால் மேலே காட்டியபடி ஐந்து வரியாகவே போடுங்கள், ஒன்றும் அவசரமில்லை.

600-க்கு எடுத்த வேறு சில மதிப்பெண்களுக்கு விடைகள்:

540 எடுத்தால் 1.46
510 எடுத்தால் 1.69
480 எடுத்தால் 1.92
420 எடுத்தால் 2.38
360 எடுத்தால் 2.85
300 எடுத்தால் 3.31
210 எடுத்தால் 4.00

2018 மார்ச் வரை பிளஸ் டூ எழுதியவர்களுக்கு மொத்தம் 1200. அவர்கள் 1200-ஐ உச்சமாகவும், 420-ஐத் தேர்ச்சியாகவும் போட வேண்டும். 1200-க்கு 960 எடுத்த அக்காவுக்கும், 600-க்கு 480 எடுத்த தங்கைக்கும் ஒரே விடைதான் வரும். அக்காவுடைய மதிப்பெண்ணைத் தங்கையின் 600-ஐ வைத்துக் கணக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்ச்சி மதிப்பெண்தான் விடையை மாற்றும்

மூன்று எண்களில் எல்லோரும் கவனிக்காமல் விடுவது தேர்ச்சி மதிப்பெண்ணைத்தான். உச்சம் தெரியும், எடுத்தது தெரியும். "பாஸ் மார்க்கா? அது எதுக்கு, நான்தான் நிறைய எடுத்திருக்கேனே" என்று தோன்றும். ஆனால் விடையைத் தூக்குவதும் இறக்குவதும் அதுதான்.

அதே 80 சதவீதம். தேர்ச்சி எல்லையை மட்டும் மாற்றிப் பார்ப்போம்:

தேர்ச்சி 33 என்றால் விடை 1.90
தேர்ச்சி 35 என்றால் விடை 1.92
தேர்ச்சி 40 என்றால் விடை 2.00
தேர்ச்சி 50 என்றால் விடை 2.20

ஏன் இப்படி? தேர்ச்சிக்கே 50 வேண்டும் என்ற தேர்வில், 80 என்பது அடிமட்டத்திலிருந்து 30 மேலே. 35 போதும் என்ற தேர்வில் அதே 80, அடிமட்டத்திலிருந்து 45 மேலே. எல்லையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறீர்கள் என்பதைத்தான் சூத்திரம் அளக்கிறது.

பல முதுகலைப் படிப்புகள் "2.5 அல்லது அதைவிட நல்ல மதிப்பு" என்று எல்லை வைக்கின்றன. அந்த 2.5-ஐத் தொட, தேர்ச்சி 35 என்றால் 67.5 சதவீதம் போதும். தேர்ச்சி 40 என்றால் 70 சதவீதம் வேண்டும். தேர்ச்சி 50 என்றால் 75 சதவீதம் வேண்டும். ஒரே எல்லைக்கு மூன்று விதமான தகுதி.

கல்லூரிப் புள்ளி முறையில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும். பல்கலைக்கழக மானியக் குழுவின் பத்துப் புள்ளி முறையில் தேர்ச்சிக்கான கடைசிப் புள்ளி 4. ஆனால் எல்லாப் பல்கலைக்கழகங்களும் 4-ஐ வைப்பதில்லை. 5 வைப்பவையும் உண்டு, 6 வைப்பவையும் உண்டு. சராசரிப் புள்ளி 8.0 எடுத்த மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள்:

தேர்ச்சிப் புள்ளி 4 என்றால் விடை 2.0
தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் விடை 2.2
தேர்ச்சிப் புள்ளி 6 என்றால் விடை 2.5

எட்டு என்பது ஒரே எட்டுதான். விடை மட்டும் மூன்று. ஆகவே "என் நண்பனுக்கும் எட்டு, அவனுக்கு 2.0 வந்துச்சு, எனக்கும் அதையே போட்டுடறேன்" என்பது ஆபத்து. உங்கள் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தைப் பாருங்கள். உங்கள் கல்லூரியின், உங்கள் ஆண்டுக்கான தேர்வு விதிமுறையைப் பாருங்கள். விதிமுறை மாறும்போது ஒரே கல்லூரியில் அண்ணனுக்கும் தம்பிக்கும் தேர்ச்சிப் புள்ளி வேறாக இருக்கலாம்.

அடிக்கடி நடக்கும் ஐந்து தவறுகள்

1. தேர்ச்சி எல்லைக்குப் பூஜ்யம் போடுவது. 80 சதவீதத்துக்கு 1.6 என்று அழகான விடை வரும். ஆனால் அது பொய் விடை. சான்றிதழைச் சரிபார்க்கும் அலுவலர் தன் பட்டியலில் உள்ள தேர்ச்சி எல்லையை வைத்துத்தான் போடுவார். நீங்கள் எழுதியதும் அவர் போட்டதும் ஒத்துப்போகாவிட்டால் உங்கள் மேல்தான் சந்தேகம் வரும்.

2. கட்-ஆஃப் மதிப்பெண்ணைப் போடுவது. பொறியியல் கலந்தாய்வுக்காகக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்கு நாம் போடும் கட்-ஆஃப், தமிழ்நாட்டுச் சேர்க்கைக்கு மட்டும் உரியது. "என் பொண்ணு 185 கட்-ஆஃப்" என்பது நம் தெருவில் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டு அலுவலகத்துக்குப் புரியாது. பொதுத்தேர்வின் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகியிருக்கும் மதிப்பெண்தான் அங்கே கணக்கு.

3. 9.5-ஆல் பெருக்குவது. 2017 வரை சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் இருந்த புள்ளி முறைக்கு, தோராயமான சதவீதம் காண அந்த வாரியம் சொன்ன பெருக்கல் எண் 9.5. அது அந்த வகுப்புக்கும் அந்த ஆண்டுகளுக்கும் மட்டும் பொருந்தும். கல்லூரியின் சராசரிப் புள்ளியை 9.5-ஆல் பெருக்குவதற்கு, உங்கள் பல்கலைக்கழகமே எழுத்தில் சொல்லியிருந்தால் தவிர, எந்த ஆதாரமும் இல்லை. புள்ளியாகவே சூத்திரத்தில் போடலாம். சதவீதமாக மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

4. எழுத்துத் தரத்தை மதிப்பெண்ணாக எண்ணுவது. சிபிஎஸ்இ பொதுத்தேர்வில் ஏ1 என்பது, அந்தப் பாடத்தில் தேறியவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குத் தரப்படுவது. அதாவது, மற்றவர்களோடு ஒப்பிட்டு வரும் இடம் அது. ஏ1 என்றால் இத்தனை சதவீதம் என்று நிலையாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் அச்சாகியிருக்கும் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

5. விடையைச் சுற்றி அழகுபடுத்துவது. 2.54 வந்தால் 2.5 எல்லைக்குள் வந்துவிட்டது என்று நாமே முடிவு செய்யக் கூடாது. படிவம் எத்தனை தசமம் கேட்கிறதோ அத்தனை மட்டும் கொடுங்கள். எப்படிச் சுருக்க வேண்டும் என்பதற்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவுரையைப் பின்பற்றுங்கள்.

மாற்றுவது வேறு, ஏற்பது வேறு

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல குடும்பங்கள் பணத்தையும் ஒரு வருடத்தையும் இழக்கின்றன. "உங்கள் மதிப்பெண் எவ்வளவு?" என்பது ஒரு கேள்வி. "உங்கள் சான்றிதழ் எங்கள் நாட்டில் எந்தப் படிப்புக்கு வழிவிடும்?" என்பது இன்னொரு கேள்வி. சூத்திரம் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

இந்தியாவின் பிளஸ் டூ, ஜெர்மனியின் பதின்மூன்று அல்லது பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்புக்குச் சமமாகத் தானாகவே ஏற்கப்படுவதில்லை. 1.2 மதிப்பு வந்தாலும், பிளஸ் டூவை மட்டும் வைத்து நேரடியாக இளநிலைப் படிப்பில் சேருவது பொதுவாக முடியாது. வழக்கமான வழிகள் இவை: அங்கே "ஷ்டூடியன்கொலெக்" என்னும் ஓராண்டு ஆயத்தப் படிப்பை முடித்துத் தேர்வு எழுதுவது, அல்லது இங்கே அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஓராண்டை வெற்றிகரமாக முடித்துவிட்டு, அதே துறைக்கு விண்ணப்பிப்பது. ஐஐடி சேர்க்கைக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் தகுதி பெற்றவர்களுக்குத் துறை சார்ந்த நேரடி வழியும் உண்டு.

ஆயத்தப் படிப்புக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். "அங்க போய் நல்லா எழுதிட்டாப் போதும், இங்க வாங்கினது கணக்குல வராது" என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. பொதுவாக, மாற்றிக் கணக்கிட்ட பள்ளி மதிப்பையும் ஆயத்தப் படிப்பின் இறுதித் தேர்வு மதிப்பையும் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். பள்ளி மதிப்பு 1.9, அந்தத் தேர்வில் 2.5 என்றால், கையில் நிற்பது 2.2. பிளஸ் டூவில் எடுத்த மதிப்பெண் கடல் கடந்தும் கூடவே வரும். இப்போது பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

யார் என்ன செய்கிறார்கள்?

அனபின்: ஜெர்மன் அரசுத் தரப்பு நடத்தும் இணையத் தரவுத்தளம். எந்த நாட்டின் எந்தச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு, எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கப்பட்டது என்று யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். கட்டணம் இல்லை. பக்கம் ஜெர்மன் மொழியில் இருக்கும். கைபேசி உலாவியின் மொழிபெயர்ப்பு வசதியை வைத்துப் படித்துக்கொள்ளலாம்.

யூனி-அசிஸ்ட்: பல ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து அமைத்த விண்ணப்பச் சேவை அமைப்பு. சான்றிதழ்களைப் பார்த்து, மதிப்பெண்ணையும் மாற்றிக் கணக்கிட்டு, "முன் பரிசீலனை ஆவணம்" தரும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்றவை இந்த ஆவணத்தைக் கேட்கின்றன. இதற்குக் கட்டணம் உண்டு, நேரமும் பிடிக்கும். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

ஏபிஎஸ்: புதுதில்லியில் உள்ள ஜெர்மன் தூதரகத்தின் கல்வி ஆவண மதிப்பீட்டு மையம். 2022 நவம்பர் முதல், மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும் இந்தியர்களுக்கு இதன் சான்றிதழ் தேவை. ஆவணங்கள் உண்மையா, படிப்புக்குத் தகுதி உண்டா என்று பார்ப்பது இதன் வேலை. மதிப்பெண் மாற்றுக் கணக்கை இதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

பல்கலைக்கழகம்: கடைசி வார்த்தை எப்போதும் நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்தினுடையது. சில இடங்களில் கணக்கை அவர்களே போடுவார்கள். சில இடங்களில் நீங்கள் போட்டுக் கொடுத்து, அவர்கள் சரிபார்ப்பார்கள்.

இந்த வரிசையில் தனியார் முகவர் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "மதிப்பெண் மாற்றுச் சான்றிதழ் வாங்கித் தர்றோம், ஜெர்மன் முத்திரையோட" என்று யாராவது பணம் கேட்டால், எந்த அமைப்பு அதைத் தருகிறது, எந்தப் பல்கலைக்கழகம் அதைக் கேட்டிருக்கிறது என்று எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். கணக்குப் போட்டுக் காட்டுவதற்குப் பணம் தேவையே இல்லை. ஐந்து நிமிடத்தில் நீங்களே போட்டுடலாம்.

வெளிநாட்டிலிருந்து திரும்பும் பிள்ளைகள்

இப்போது எதிர்த்திசை. அப்பாவின் வேலைக்காக ஜெர்மனி போன குடும்பம் ஊர் திரும்புகிறது. பேரனின் மதிப்பெண் அட்டையைப் பார்த்த பாட்டி, "என்னடா கண்ணு, கணக்குல ஒண்ணுதானா வாங்கினே?" என்று வருத்தப்படுகிறார். பையன் வகுப்பில் முதல் ஆள்! பாட்டிக்குச் சொல்லிப் புரியவைத்துவிடலாம். பள்ளி அலுவலகத்துக்கும் அப்படித்தான் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கும். அதற்குத் தாள் வேண்டும்.

• ஆறு முதல் பதினான்கு வயது வரை: கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வழி செய்கிறது. எட்டாம் வகுப்பு வரை மதிப்பெண்ணை மாற்றிக் காட்டினால்தான் இடம் என்ற நிலை இல்லை.

• அதற்கு மேல்: மதிப்பெண் அட்டையின் ஆங்கில மொழிபெயர்ப்பை, அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் அங்கேயே வாங்கி வாருங்கள். "1 உயர்ந்தது, 4 தேர்ச்சி எல்லை" என்று அளவுகோலை விளக்கும் கடிதம் ஒன்றையும் அந்தப் பள்ளியிலேயே கேட்டு வாங்குங்கள். இங்கே வந்தபின் அதை வாங்குவது பெரும்பாடு.

• வெளிநாட்டில் பள்ளிப் படிப்பை முடித்து இங்கே இளநிலைப் பட்டத்தில் சேருபவர்கள்: சமநிலைச் சான்று தேவைப்படும். வெளிநாட்டுத் தகுதிகளை ஏற்பது பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஏப்ரலில் ஒழுங்குமுறைகளை வெளியிட்டிருக்கிறது. அதன்படி குறைந்தது 12 ஆண்டு முறையான பள்ளிப் படிப்பு முடிந்திருக்க வேண்டும். விண்ணப்பம் இணையவழியில்.

அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் ஜெர்மனியின் 2.0 நம் கணக்கில் சுமார் 78 சதவீதம் என்று வரும். வீட்டில் தெரிந்துகொள்ள இது போதும். ஆனால் இங்குள்ள எந்த அலுவலகத்துக்கும் இந்தத் திருப்பிப் போட்ட எண்ணைச் சான்றாகக் கொடுக்காதீர்கள். சமநிலைச் சான்றில் என்ன இருக்கிறதோ அதுதான் செல்லும்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு சரிபார்ப்பு

✓ டிஜிலாக்கரில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களை இறக்கிவைத்துக்கொண்டேன். அசல் தாளோடு ஒப்பிட்டேன்.

✓ சான்றிதழில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகின்றன. ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் விரிவாக என்றிருந்தால், அந்த வித்தியாசத்துக்கு விளக்கம் தயார்.

✓ உச்ச மதிப்பெண், தேர்ச்சி மதிப்பெண் இரண்டும் எந்தத் தாளில் எழுதியிருக்கின்றன என்று தெரியும். எதிலும் இல்லையென்றால், பள்ளி அல்லது கல்லூரியின் தலைப்புத் தாளில் ஒரு விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறேன்.

✓ கணக்கை இரண்டு முறை போட்டேன். இரண்டு முறையும் ஒரே விடை. கணக்குப் போட்ட தாளைப் படமெடுத்து வைத்திருக்கிறேன்.

✓ விண்ணப்பப் படிவம் எந்த அளவுகோலைக் கேட்கிறது என்று படித்தேன். "உங்கள் சொந்த நாட்டு மதிப்பெண்" என்று கேட்ட இடத்தில் 480/600 என்றுதான் போட்டேன். மாற்றிய எண்ணைப் போடவில்லை.

✓ மதிப்பெண் மட்டும் அல்ல, என் சான்றிதழ் அந்தப் படிப்புக்கு ஏற்கப்படுகிறதா என்றும் அனபின் தளத்தில் பார்த்தேன்.

முன்பு 3.2 போட்ட மாணவியை மறந்துவிட வேண்டாம். விண்ணப்பத்தின் கடைசித் தேதி இன்னும் முடியவில்லை என்றால், பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்துக்கு மதிப்பெண் சான்றிதழை இணைத்து, "இந்த எண்ணைத் தவறான அளவுகோலில் கொடுத்துவிட்டேன், சரியான கணக்கு இது" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பித் திருத்தம் கேட்கலாம். உச்சம் 600, தேர்ச்சி 210, பெற்றது 480, விடை 1.92 என்று நாலே வரி. கூச்சப்பட்டுச் சும்மா இருந்துவிட்டால், அந்தத் தவறான எண்தான் அவருக்காகப் பேசும்.

உங்கள் வீட்டிலும் யாராவது வெளிநாட்டுப் படிப்புக்கு முயற்சி செய்கிறார்களா? இன்றைக்கே மதிப்பெண் சான்றிதழை எடுங்கள்; தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். மீதிக் கணக்கு ஐந்து நிமிட வேலை.